கதண்டும் தேனீயும் கொட்டினால்...

தேங்காய் பறிக்க வந்தவர் மரத்தின் உச்சியை எட்டிவிட்டார். மட்டைகளின் நடுவே கதண்டுக் கூடு இருப்பது தோப்புக்காரருக்கு ஒரு வாரமாகவே தெரியும்; சொல்ல மறந்துவிட்டார். அரிவாள் முதல் மட்டையில் விழுந்ததும் கூடு கலைகிறது. தரையில் நிற்பவராவது ஓடலாம். மரத்தில் இருப்பவர் எங்கே ஓடுவது? வலி தாங்காமல் பிடியை விட்டால் விழ வேண்டியதுதான். கீழே காய் பொறுக்கும் பெண்களையும் அவை விடுவதில்லை. மறுநாள் "விஷ வண்டு கடித்துத் தொழிலாளி சாவு" என்று பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வருகிறது. ஊரார் விதி என்று சொல்லிக் கலைந்து விடுகிறார்கள்.

ஆண்டுதோறும் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளிலும் வேறு பல மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட செய்திகளைக் காணலாம். தென்னை ஏறுபவர், பனை ஓலை வெட்டுபவர், கருவேலம் வெட்டுபவர், வாய்க்கால் தூர்வாரும் கூட்டத்தார், களை எடுக்கும் பெண்கள், ஆடு மாடு மேய்ப்பவர் ஆகியோரே பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். அதாவது, வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் நேரத்தில் நேரும் விபத்து இது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்குவதை எப்படி முன்கூட்டியே தடுக்க முடியுமோ, அப்படியே இதையும் பெருமளவு தடுக்க முடியும். கொட்டிய பிறகும், செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் செய்தால் பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றிவிடலாம்.

வண்டு அல்ல, குளவி இனம்

"விஷ வண்டு" என்று சொல்லப்படுவது உண்மையில் வண்டு அல்ல. கதண்டு, கடந்தை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் பெரிய குளவி இனமே அது. உடல் கருமையாகவும், வயிற்றின் முன்பகுதியில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பட்டையுடனும் இருக்கும். காய்ந்த மரத்தைச் சுரண்டி, மென்று, எச்சிலுடன் குழைத்துக் காகிதம் போன்ற பொருளால் கூடு கட்டுகிறது. ஒரு வகை மரக்கிளைகளிலும் தென்னை, பனை மட்டைகளின் இடையிலும் பானை போன்ற கூட்டைத் தொங்கவிடும். மற்றொரு வகை மரப்பொந்து, மண்ணுக்கடியில் உள்ள வளை, சுவரின் இடுக்கு போன்ற மறைவிடங்களில் கட்டும். ஆகவே, மரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு ஆபத்து இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அடுத்தது மலைத்தேனீ. இது பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயைவிடப் பெரியது. உயர்ந்த மரக்கிளை, பாறை, தண்ணீர்த் தொட்டி, பாலம் ஆகியவற்றின் அடியில் ஒரே பெரிய அடையாகத் தொங்கும். ஓர் அடையில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும்.

இரண்டும் கடிப்பதால் வரும் கேடு அல்ல. வயிற்றின் நுனியில் உள்ள கொடுக்கால் கொட்டி விஷத்தை உள்ளே செலுத்துவதால் வரும் கேடு. தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள் போன்ற பற்கள் உண்டு. அதனால் கொடுக்கு தோலில் சிக்கி, விஷப்பையுடன் பிய்ந்து தங்கிவிடுகிறது. தேனீ இறந்து போகிறது. கதண்டின் கொடுக்கு அப்படித் தோலில் சிக்கிக் கொள்வதில்லை. எனவே ஒரே கதண்டு பலமுறை கொட்ட முடியும்.

ஏன் கூட்டமாக வருகின்றன?

தனியே பூவில் தேனெடுக்கும் தேனீயோ, புழுவைத் தேடி அலையும் கதண்டோ வம்புக்கு வருவதில்லை. கூட்டுக்கு ஆபத்து என்று தோன்றினால்தான் கூட்டமாகத் தாக்குகின்றன. கிளை அசைவது, அரிவாள் வெட்டின் அதிர்ச்சி, இயந்திரத்தின் இரைச்சல், புகை, எறிந்த கல் ஆகியவை அவற்றைக் கிளப்பிவிடும். தேன் பருந்து அடையைக் கொத்திவிட்டுப் பறந்து போக, கலைந்த தேனீக்கள் கீழே வேலை செய்பவர்கள் மேல் பாய்வதும் உண்டு.

தேனீ கொட்டும்போது கொடுக்கிலிருந்து ஒரு வாசனைப் பொருள் வெளிப்படுகிறது. பழுத்த வாழைப்பழத்தின் மணம் போல இருக்கும். அந்த வாசனை மற்றத் தேனீக்களுக்கு "இங்கே தாக்கு" என்று காட்டும் அடையாளம். கொட்டிய இடத்திலேயே நின்று ஒவ்வொன்றாக அடித்துக் கொண்டிருப்பவர் மேன்மேலும் கொட்டு வாங்குவது இதனால்தான். கதண்டும் இதுபோன்ற எச்சரிக்கை வாசனையால் தன் கூட்டத்தை அழைக்கிறது.

இரண்டு விதமான ஆபத்து

கொட்டுவதால் உயிருக்கு வரும் ஆபத்து இரண்டு விதம். இரண்டும் வேறு வேறு நேரத்தில் வருவதால், இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலாவது ஒவ்வாமை. சிலருடைய உடல், முன்பு ஒருமுறை கொட்டியபோதே அந்த விஷத்தை எதிரியாகக் குறித்து வைத்துக் கொள்கிறது. அடுத்த முறை ஒரே ஒரு கொட்டு விழுந்தாலும் உடல் முழுவதும் கொந்தளித்து எழுகிறது. பிரான்ஸ் நாட்டின் ஷார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற விஞ்ஞானிகள் 1902-இல் விவரித்த நிலை இது. இதற்கான ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் ஒன்றும் செய்யாத நஞ்சு, இரண்டாம் முறை மிகச் சிறிய அளவிலேயே உயிரை வாங்கக் கூடும் என்பதே அவர்கள் கண்டது. "எனக்கு எத்தனையோ முறை கொட்டியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்பு ஒன்றும் ஆகாதது அடுத்த முறைக்கு உத்தரவாதம் அல்ல.

இந்த ஒவ்வாமை சாதாரணமாகச் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கொட்டிய இடம் மட்டுமின்றி உடல் முழுவதும் தடிப்பும் அரிப்பும் காணும். உதடு, நாக்கு, கண் இமை வீங்கும். தொண்டை அடைக்கும், குரல் கம்மும், மூச்சு இழுக்கும். வாந்தி, வயிற்று வலி, தலைச்சுற்றல், மயக்கம் வரலாம். சிலருக்குத் தடிப்பே இல்லாமல் நேரே மயக்கம் வருவதும் உண்டு.

இரண்டாவது, விஷத்தின் அளவால் வரும் ஆபத்து. இதற்கு ஒவ்வாமை தேவையில்லை. எண்ணிக்கை அதிகமானால் யாருக்கும் வரும். ஒவ்வாமை இல்லாத பெரியவர் நூற்றுக்கணக்கான தேனீக் கொட்டுகளையும் தாங்கிப் பிழைத்ததுண்டு. கதண்டு விஷயம் அப்படியல்ல. சில பத்துக் கொட்டுகளே பேராபத்தாக முடியலாம். விஷம் தசையையும் இரத்தத்தின் சிவப்பணுக்களையும் சிதைக்கிறது. சிதைந்த பொருள்கள் சிறுநீரகத்தில் போய் அடைத்துக் கொள்கின்றன. கொட்டிய அன்று நன்றாக எழுந்து நடமாடியவருக்கு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். பிறகு அளவு குறையும். நின்றே போகவும் கூடும்.

2013-இல் சீனாவின் ஷான்ஸி மாநிலத்தில் பெரிய கதண்டு இனங்கள் கொட்டி 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது அங்குள்ள அதிகாரிகள் ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். 10 கொட்டுக்கு மேல் விழுந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 30-க்கு மேல் விழுந்தால் அவசர சிகிச்சை தேவை. நம் ஊர்க் கதண்டு வேறு இனமானாலும், இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பது நல்லது. குழந்தைகள், வயதானவர், இருதய நோயாளி, ஆஸ்துமா உள்ளவர் ஆகியோருக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையே ஆபத்தாகலாம். கழுத்திலோ வாய்க்குள்ளோ கொட்டினால் ஒன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஓட வேண்டும், நிற்கக் கூடாது

கூடு கலைந்துவிட்டால் அடிப்பதும் விரட்டுவதும் வீண். துண்டாலோ முந்தானையாலோ தலையையும் முகத்தையும் மூடிக் கொண்டு, வழி தெரியும் அளவுக்கு மட்டும் கண்ணைத் திறந்து நேராக ஓட வேண்டும். வீடு, மோட்டார் கொட்டகை, வண்டி எதுவானாலும் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக் கொள்ள வேண்டும். உடன் இரண்டு பூச்சிகள் உள்ளே வந்தாலும் பரவாயில்லை. வெளியே இருப்பவை அதைவிட அதிகம். மறைவிடம் இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. மலைத்தேனீ பல நூறு மீட்டர் தூரம் துரத்தி வரக் கூடியது.

கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது தவறு. மூச்சுக்காகத் தலையைத் தூக்கும் வரை தேனீக்கள் மேலே சுற்றிக் கொண்டிருக்கும். அத்துடன், கொட்டு வாங்கி மயக்கம் வந்தவர் தண்ணீரில் மூழ்கும் அபாயமும் சேர்ந்து கொள்கிறது.

கொட்டு வாங்கியவரைக் காப்பாற்றப் போகிறவரும் போர்வை, சாக்கு என்று ஏதாவது போர்த்திக் கொள்ளாமல் நெருங்கக் கூடாது. ஒருவரை மீட்கப் போய் இருவர் சாய்வதால் யாருக்கும் நன்மையில்லை.

முதல் உதவி

பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் முதல் வேலை, தோலில் தங்கிய தேனீக் கொடுக்குகளை எடுப்பதுதான். பிய்ந்த விஷப்பை தானாகவே சுருங்கி விரிந்து விஷத்தை இறக்கிக் கொண்டிருக்கும்; சுமார் 20 நொடிகளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். நகத்தால் கிள்ளி எடுத்தால் விஷம் அதிகம் இறங்கும், கத்தியால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பலகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. 1996-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி இதைச் சோதித்துப் பார்த்தது. எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று தெரிய வந்தது. கத்தியைத் தேடி நேரத்தை வீணாக்காமல் கையால் எடுத்துவிட வேண்டும். கதண்டு கொட்டினால் சாதாரணமாகக் கொடுக்கு தங்குவதில்லை.

பிறகு சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஈரத்துணியோ துணியில் சுற்றிய ஐஸோ வைக்கலாம். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். அவரைத் தனியே விட்டுவிடாமல் ஒருவர் பக்கத்திலேயே இருந்து முகத்தையும் மூச்சையும் கவனிக்க வேண்டும்.

ஒவ்வாமையின் அறிகுறி ஒன்று தென்பட்டாலும் 108-க்குப் போன் செய்ய வேண்டும். மயக்கம் வருபவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் சாய்ந்து உட்காரச் செய்யலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். "எழுந்து நட, சரியாகிவிடும்" என்று தூக்கி நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரத்தில் சட்டென்று நிமிர்த்துவது இருதயத்தையே நிறுத்திவிடக் கூடும். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து அழைத்துச் செல்வதிலும் இதே அபாயம் இருக்கிறது. வேறு வண்டியே இல்லையென்றால்தான் அதை நாட வேண்டும்.

சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும்

தேனீ விஷம் அமிலம், அதற்குச் சுண்ணாம்பு தடவினால் முறியும் என்ற எண்ணம் பல ஊர்களில் உண்டு. தேனீ விஷத்தில் ஏறத்தாழப் பாதி மெலிட்டின் என்ற புரதப் பொருள். அது தோலுக்கு அடியில் போய்விட்டது; தோலின் மேல் தடவும் சுண்ணாம்பு அதைத் தொடுவதே இல்லை. வெறும் சுண்ணாம்பு தோலை வேக வைத்துப் புண்ணாக்குவதுதான் மிச்சம். மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, சாணம் ஆகியவையும் இப்படித்தான். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது இரண்டும் கூடவே கூடாது.

ஒரு தேனீ கொட்டி வலியுடன் போகிற இடத்தில் கைவைத்தியம் பெரிய கெடுதல் செய்யாமல் போகலாம். ஆனால் மூச்சு இழுக்கும் ஒருவருக்கு வைத்தியம் பார்த்துக் கழிக்கும் அரைமணி நேரம் அவருடைய உயிரின் விலையாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவை

பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருப்பதுபோல் கதண்டுக்கும் தேனீக்கும் ஆஸ்பத்திரிகளில் முறிவு மருந்து கிடையாது. ஒவ்வாமைக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். பெரியவருக்கு 0.5 மில்லி கிராம் என்பது வழக்கமான அளவு. குணம் தெரியாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போடுவதுண்டு. விலை குறைந்த, பழைய மருந்து இது. அரிப்பை அடக்கும் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் அதற்குத் துணைதானே தவிர, அதற்கு மாற்று அல்ல.

ஆகவே, தொலைவில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுவதைவிட, முதலில் பக்கத்தில் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஊசியைப் போட்டுக் கொண்டு, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது மேல். டாக்டரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கொட்டியது தேனீயா கதண்டா, ஏறத்தாழ எத்தனை கொட்டு, எத்தனை மணிக்குக் கொட்டியது. "ஏதோ பூச்சிக்கடி" என்று மட்டும் சொன்னால் நேரம் வீணாகும்.

ஊசி போட்டுச் சரியானதும் வீட்டுக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரம் கழித்து மீண்டும் எழுவதுண்டு. கொட்டு அதிகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது தங்கிச் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்துக் கொள்வது அவசியம். அதன்பின் மூன்று நாட்களுக்குச் சிறுநீரின் நிறத்தையும் அளவையும் கவனித்து வர வேண்டும். நிறம் மாறியதும் வந்துவிட்டால், சலைன் ஏற்றியும், தேவையானால் டயாலிசிஸ் செய்தும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழி உண்டு. கூலி போய்விடுமே என்று மறுநாளே வேலைக்குப் போய், மூன்றாம் நாள் கால் வீங்கி வருபவர்களுக்குத்தான் சிகிச்சை கடினமாகிறது.

வேலைக்கு முன் பத்து நிமிடம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூடு எங்கே என்பதை வேலை தொடங்குமுன் அறிவதுதான். கூடு இருக்கிறதா என்று பார்க்கக் கல்லெறிவது பழைய வழக்கம்; அதைவிடக் கெட்ட வழக்கம் இல்லை. தள்ளி நின்று மரத்தின் கொண்டையையும், காய்ந்த மட்டைகளின் அடியையும், புதரையும், வரப்பு வளைகளையும் பத்து நிமிடம் பார்த்தாலே போதும். பூச்சிகள் ஒரே இடத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தால் அங்கே கூடு உண்டு. வெயில் நன்றாக ஏறிய பிறகு இந்தப் போக்குவரத்துத் தெளிவாகத் தெரியும்.

கூடு கண்ட மரத்தில் சுண்ணாம்புக் கோடோ சிவப்புத் துணியோ கட்டி, அன்று அந்தப் பக்கம் வேலையை விட்டுவிட வேண்டும். வேலைக்கு வரும் வெளியூர் ஆட்களுக்குத் தோப்பு புதிது. தோப்புக்காரருக்கும் காவல்காரருக்கும்தான் அது தெரியும். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. கேட்க வேண்டியது ஆள் கூட்டி வரும் மேஸ்திரியின் கடமை.

மரம் ஏறுபவர் இடுப்புக் கயிற்றுடன் ஏறினால், கொட்டு விழுந்தாலும் உயரத்திலிருந்து விழாமல் தப்பலாம். கறுப்பு, கருநீல நிறத் துணிகளையும் வாசனைத் தைலங்களையும் தவிர்த்து, வெளிர் நிற முழுக்கைச் சட்டை அணிவது நல்லது. கூட்டமாக வேலை செய்யும் இடத்தில் ஓடி ஒளிய ஓர் இடம், சார்ஜ் உள்ள ஒரு போன், தயாராக ஒரு வண்டி, இரவு பகல் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்ற விவரம் ஆகிய நான்கும் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். முன்பு கொட்டி உடல் முழுதும் தடித்தவர், மூச்சு இழுத்தவர் யாராவது இருந்தால் அவரை மரம் ஏறவோ புதர் வெட்டவோ அனுப்பக் கூடாது.

கூட்டை அகற்றுவது யார்?

பகலில் தீப்பந்தம் காட்டுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது ஆகியவையே பல விபத்துகளுக்குக் காரணம். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். பூச்சிகள் கூட்டில் அடங்கியிருக்கும் இரவு நேரத்தில், பாதுகாப்பு உடையுடன் அகற்றுவதே முறை. தேனீ அடையானால், அதை அழிக்காமல் எடுக்கத் தெரிந்த தேனெடுப்போரை நாடலாம்.

எல்லாக் கூட்டையும் அழிக்க வேண்டும் என்பதில்லை. பயிரைத் தின்னும் புழுக்களைக் கதண்டு வேட்டையாடுகிறது. தேனீ இல்லையேல் பல பயிர்களில் காய் பிடிப்பது குறைந்து போகும். யாரும் போகாத மூலையில் உள்ள கூட்டை அடையாளமிட்டு விட்டுவிடுவதே விவசாயிக்கு லாபம்.

இதுவும் வேலை விபத்தே

இழப்பீடு பற்றி ஒரு வார்த்தை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதல், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை, இழப்பீட்டுக்கு அடிப்படை ஒன்றுதான்: வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து. தென்னை ஏறுவோருக்கெனத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் "கேர சுரக்ஷா" விபத்துக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்க்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. உறுப்பினராகாதவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துச் சேர்ந்து கொள்ள வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் கேட்பது ஆதாரம்தான். ஆகவே, எங்கே, யாருடைய வேலையில், எத்தனை மணிக்குக் கொட்டியது என்பதை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக் கொள்ள வேண்டும். மரணம் நேர்ந்தால் போலீசில் பதிவு செய்வதையும் பிரேதப் பரிசோதனையையும் துக்கத்தில் தவிர்த்துவிடக் கூடாது. அந்த இரண்டு தாள்கள் இல்லாமல் வெறும் கையுடன் திரும்பும் குடும்பங்கள் உண்டு.

பறிப்புக்கு ஆள் வரும் நாளில் தோப்புக்காரர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் மாலை ஒருமுறை தோப்பைச் சுற்றி வந்து, "அந்த மரத்தில் கூடு இருக்கிறது, ஏற வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.